கிடங்கும் பெயர்ப் பட்டியலும்

மினசோட்டா மாநிலத்தில், மினசோட்டா ஆற்றின் கரையில் ஷக்கோபி என்றொரு ஊர் இருக்கிறது. தாகோட்டா மொழியில் ஷாக்பே என்றால் 6 என்ற எண். தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரைச் சூடிவந்த தலைவர்களின் கிராமம் அங்கே இருந்தது. 1851 உடன்படிக்கைக்குப் பிறகு அந்த மக்கள் ஆற்றோடு மேற்கே அனுப்பப்பட்டார்கள். பெயர் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. அங்கே குடியேறிய வெள்ளையர்களுக்கு வழக்காடியவர்களில் ஒருவர் தாமஸ் ஜே. கால்பிரெய்த்.

கால்பிரெய்த் சாதாரண வழக்கறிஞர் அல்லர். 1857-ல் மினசோட்டாவின் அரசியல் சட்டத்தை எழுதக் கூடிய பேரவையில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தார். குடியரசுக் கட்சியினரும் ஜனநாயகக் கட்சியினரும் ஒரே அறையில் உட்கார மறுத்து, தனித்தனியாகக் கூடித் தனித்தனியாகச் சட்டம் எழுதிய விசித்திரமான பேரவை அது. கடைசியில் இரு தரப்பிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்து ஓர் இணக்கக் குழு அமைத்தார்கள். அதிலும் அவர் இருந்தார். அந்தச் சட்டத்தின் வாக்குரிமைப் பிரிவில் பழங்குடியினரைப் பற்றி ஒரு வாசகம் உண்டு: 'நாகரிகத்தின்' மொழியையும் பழக்கவழக்கங்களையும் ஏற்றுக்கொண்டதாக மாவட்ட நீதிமன்றம் சோதித்துச் சான்று கொடுத்தால் ஒரு பழங்குடி ஆண் வாக்களிக்கலாம். 1861-ல் கிறித்தவம் தழுவி, முடியைக் கத்தரித்து, ஏர் பிடித்து உழுதுகொண்டிருந்த தாகோட்டா ஆண்கள் சிலர் இந்தப் பிரிவை நம்பி நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நீதிமன்றமோ 'நாகரிக மொழி' என்றால் ஆங்கிலம்தான் என்று பொருள் கொண்டது. லாரன்சோ லாரன்ஸ் என்ற ஒருவர் மட்டுமே தேறினார்.

இந்தச் சிறு வழக்கை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சட்டத்தின் சொல்லுக்கு எந்தப் பொருள் கொள்வது, யாருக்காக அதைத் தளர்த்துவது, யாரிடம் அதை இறுக்குவது என்ற கேள்விதான் கால்பிரெய்த்தின் கதை முழுவதும் ஓடுகிறது. அதே 1861-ல் அவர் தாகோட்டாக்களுக்கான அரசு ஏஜெண்டாகப் பதவியேற்றார். பதினைந்து மாதங்களுக்குள் அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய எல்லைப் போர்களில் ஒன்று அவருடைய அலுவலக வாசலிலிருந்தே தொடங்கியது.

அமெரிக்க ஆவணங்களில் 'இந்தியன் ஏஜெண்ட்' என்று வரும் இந்தப் பதவி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழங்குடி மக்களிடம் உடன்படிக்கை வழியாக நிலத்தை வாங்கிய அரசு, அதற்கான விலையை ஒரே முறையில் தராமல், ஆண்டுதோறும் பணமாகவும் உணவாகவும் துணியாகவும் தந்தது. அதைப் பெற்று, கிடங்கில் வைத்து, பெயர்ப் பட்டியல்படி வழங்குபவர் ஏஜெண்டு. பள்ளி, உழவு, மருத்துவர், கொல்லுப் பட்டறை எல்லாம் அவர் கையில். கடை வைக்க உரிமம் கொடுப்பவரும் அவரே. மரியாதைக்கு 'மேஜர்' என்று அழைப்பார்கள். ராணுவப் பதவி எதுவும் கிடையாது. இவ்வளவு அதிகாரமுள்ள வேலைக்கு மொழி அறிவோ அனுபவமோ தகுதியாகக் கேட்கப்படவில்லை. தேர்தலில் எந்தக் கட்சி வென்றதோ அந்தக் கட்சிக்காரருக்குக் கிடைத்தது. 1860-ல் லிங்கன் வென்றார். 1861-ல் பழைய ஏஜெண்டு ஜோசப் ஆர். பிரவுன் வெளியேற்றப்பட்டார். பிரவுன் தாகோட்டா மொழி பேசுபவர், மனைவி வழியில் அந்த மக்களோடு உறவுள்ளவர். அவரிடமும் குறைகள் உண்டு. ஆனால் யாருடைய கோபம் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். அவர் இடத்துக்கு வந்த ஷக்கோபி வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு தலைவரோடு பேச முடியாது.

தாகோட்டாக்கள் நான்கு பிரிவினர்: ம்தெவகான்தன், வாபெகுட்டே, சிசெட்டன், வாபெட்டன். முதல் இருவருக்கு ரெட்வுட் என்ற இடத்தில் கீழ் ஏஜென்சி. பின்னிருவருக்கு ஏறத்தாழ 30 மைல் மேலே, யெல்லோ மெடிசின் ஆறு மினசோட்டா ஆற்றில் கலக்கும் இடத்தருகே மேல் ஏஜென்சி. அந்த ஆற்றின் தாகோட்டாப் பெயருக்கு மஞ்சள் மருந்து வேர் தோண்டும் இடம் என்று பொருள். கால்பிரெய்த் குடும்பத்தோடு குடியிருந்தது மேல் ஏஜென்சியில்.

அவர் கைக்கு வந்து சேர்ந்த கணக்கு ஏற்கெனவே பத்தாண்டுப் பழைய கணக்கு. 1851 ஜூலை 23-ல் டிராவர்ஸ் டி சூ என்ற இடத்திலும், ஆகஸ்ட் 5-ல் மெண்டோட்டாவிலும் கையெழுத்தான இரு உடன்படிக்கைகளால் தாகோட்டாக்கள் 2 கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். மேல் பிரிவினருக்கு 16,65,000 டாலர், கீழ்ப் பிரிவினருக்கு 14,10,000 டாலர் என்று எழுதப்பட்டது. இதில் பெரும்பகுதியை அரசே வைத்துக்கொண்டு, 50 ஆண்டுகளுக்கு 5 சதவீத வட்டி மட்டும் கொடுக்கும். டிராவர்ஸ் டி சூவில் தலைவர்கள் உடன்படிக்கைப் படிகளில் கையெழுத்திட்ட கையோடு இன்னொரு தாளையும் அவர்கள் முன் நீட்டினார்கள். வணிகர்கள் தங்களுக்கு வரவேண்டிய பாக்கி என்று சொன்ன தொகையை, தலைவர்களுக்குப் போகவேண்டிய ரொக்கத்திலிருந்தே கொடுத்துவிட ஒப்புக்கொள்ளும் தாள் அது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை, அதையும் உடன்படிக்கையின் இன்னொரு படி என்றே நினைத்தோம் என்று தலைவர்கள் பிற்பாடு முறையிட்டார்கள். 1852-ல் பணம் வந்தபோது, வணிகர்களுக்குப் போகக் கூடாது என்று எதிர்த்து நின்ற சிசெட்டன் தலைவர் செவ்விரும்பை, ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி சிறை வைத்தார். பணம் வணிகர்களுக்கே போனது. செனட் விசாரித்தது, ராம்சியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

1858-ல் தலைவர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்து, ஆற்றின் வடகரையில் இருந்த பாதி ஒதுக்கீட்டு நிலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். விலை எவ்வளவு என்று அப்போது சொல்லவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து செனட் ஏக்கருக்கு 30 சென்ட் என்று முடிவு செய்தது. கீழ்ப் பிரிவினருக்குச் சேரவேண்டிய 96,000 டாலரில் பெரும்பகுதி மறுபடியும் வணிகர் பாக்கிக்கே போயிற்று. நிலத்தை வாங்குபவரே விலையையும் பின்னால் முடிவு செய்வார் என்ற ஒப்பந்தத்தை ஷக்கோபி நீதிமன்றத்தில் ஒரு வெள்ளைக் குடியானவர் கொண்டுவந்து காட்டியிருந்தால், கால்பிரெய்த் போன்ற வழக்கறிஞர் அதை ஒரு நிமிடத்தில் கிழித்திருப்பார்.

இனி, பேரேடு. ஆண்டுத்தொகை வழங்கும் நாளில் பெயரைக் கூப்பிட்டுப் பணம் எண்ணிக் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே வணிகர்கள் கணக்குப் புத்தகத்தோடு நிற்பார்கள். இன்னாருக்கு இவ்வளவு பற்று என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. பிக் ஈகிள் என்று அறியப்பட்ட ம்தெவகான்தன் தலைவர் வம்திதாங்கா 1894-ல் ஒரு பத்திரிகையாளரிடம் தன் நினைவுகளைச் சொன்னார். தாகோட்டாக்களிடம் எழுதிய கணக்கு இல்லாததால் வணிகர் சொல்லும் தொகையை மறுக்க வழியே இருக்கவில்லை என்பது அதில் அவர் அழுத்திச் சொன்ன விஷயம். வணிகர்கள் எப்போதும் ஏமாற்றினார்கள் என்று தாம் சொல்லவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் சாட்சியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே வழக்கறிஞரான ஏஜெண்டு என்ன செய்திருக்கலாம்? 1834-ம் ஆண்டின் பழங்குடி வணிகச் சட்டம் கடை உரிமத்தை ஏஜெண்டின் கையில் வைத்திருந்தது. தவறு செய்யும் கடைக்காரரின் உரிமத்தை ரத்து செய்யவும் அது இடம் தந்தது. பேரேடுகளைத் தணிக்கை செய்யச் சொல்லலாம். பணம் வழங்கும் மேசையிலிருந்து வணிகர்களைத் தள்ளி நிறுத்தலாம். 1862 கோடையில் கீழ் ஏஜென்சி இளைஞர்கள் வீரர் மன்றம் ஒன்று கூட்டி, ரிட்ஜ்லி கோட்டைத் தளபதி கேப்டன் ஜான் மார்ஷிடம் போய், வணிகர்களுக்காகக் கடன் வசூலிக்கும் வேலையைப் படைவீரர்கள் செய்யக் கூடாது என்று கேட்டார்கள். மார்ஷ் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒரு படைத்தளபதிக்குப் புரிந்த நியாயம் அது. செய்தி அறிந்த வணிகர்கள் இனிக் கடன் கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். ஏஜெண்டு இதில் தலையிட்டதற்கான தடயம் இல்லை.

எச்சரிக்கைகளுக்கும் குறைவில்லை. மினசோட்டாவைச் சேர்ந்த இன்னொரு வழக்கறிஞர் ஜார்ஜ் டே, அரசின் தனி அலுவலராக இந்த ஏஜென்சிகளை விசாரித்து, ஏஜெண்டுகளும் வணிகர்களும் சேர்ந்து நடத்தும் மோசடிகளைப் பற்றி 1862 ஜனவரியில் லிங்கனுக்கே எழுதினார். மார்ச்சில் எபிஸ்கோபல் ஆயர் ஹென்றி விப்பிள் எழுதினார்: கட்சி வேலைக்குக் கூலியாக ஏஜெண்டுகளை நியமிக்கும் வழக்கமே கேட்டின் வேர் என்று. உள்நாட்டுப் போர் கொழுந்துவிட்டெரிந்த நேரம். யாரும் காதில் வாங்கவில்லை.

கால்பிரெய்த் சும்மா இருந்தவர் என்று நினைக்க வேண்டாம். தாகோட்டாக்களை உழவர்களாக்கும் திட்டத்தில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. முடி கத்தரித்து, கால்சட்டை அணிந்து, தனி நிலத்தில் பயிரிட்டவர்களுக்கு மாடு, வண்டி, வீடு எல்லாம் கொடுத்தார். ஆனால் அந்தச் செலவு எல்லாருக்கும் பொதுவான உடன்படிக்கைப் பணத்திலிருந்து போனது. வேட்டையையும் கூட்டு வாழ்வையும் கைவிடாத பெரும்பான்மையினர், தங்கள் நிலத்தின் விலையில் தங்களுக்கு எதிராகவே ஒரு சிறு கூட்டம் வளர்க்கப்படுவதாகக் கண்டார்கள். உறவுகளுக்குள் பகிர்ந்து உண்பது அவர்களுடைய அடிப்படை அறம். ஒரே குடும்பத்தில் ஒருவன் களஞ்சியம் நிறைந்திருக்க, மற்றவன் வெறும் வயிற்றோடு இருப்பது அவர்கள் கண்ணில் பெரும் பாவம். ஏஜெண்டின் கண்ணில் அதுதான் முன்னேற்றம்.

1861-ல் வெட்டுப்புழு விழுந்து மேல் ஏஜென்சியின் பயிர் அழிந்தது. அந்தக் குளிர்காலத்தில் கால்பிரெய்த் அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு உணவு கொடுத்ததாகத் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதை நம்பாதிருக்கக் காரணம் இல்லை. அவருக்குச் சாதகமாக இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் தெளிவாகிறது: பசி எவ்வளவு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவசரம் என்றால் வழக்கத்துக்கு வெளியே உணவு கொடுக்க முடியும் என்பதும் தெரியும்.

ஆண்டுத்தொகை வழக்கமாக ஜூன் மாதத்தில் வந்துவிடும். 1862-ல் வரவில்லை. காங்கிரஸ் நிதியை ஒதுக்கவே ஜூலை ஆகிவிட்டது. அந்தப் பிப்ரவரியில்தான் போர்ச் செலவுக்காகக் காகிதப் பணம் அச்சிடும் சட்டம் வந்திருந்தது. தாகோட்டாக்களுக்குத் தங்கமாகத் தருவதா, காகிதமாகத் தருவதா என்று கருவூலத்தில் விவாதம் நடந்தது. ஜூலை நடுவில் யெல்லோ மெடிசினில் ஏறத்தாழ 5,000 பேர் கூடாரமடித்துக் காத்திருந்தார்கள். கிடங்கில் மாவும் பன்றிக்கறியும் அடுக்கியிருந்தன. வெளியே வேரைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

இங்கேதான் பெயர்ப் பட்டியல் வருகிறது. முதலில் ஆட்களை எண்ணி, பட்டியலைச் சரிபார்த்து, பணம் வந்த பிறகு பணத்தையும் பொருளையும் ஒன்றாக வழங்குவது நடைமுறை. இந்த நான்கு பிரிவுகளில் சேராத, ஆண்டுத்தொகைக்கு உரிமையில்லாத யாங்க்டனாய் மக்களும் அந்த ஆண்டு வந்து சேர்ந்திருந்ததால் பட்டியலை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார் கால்பிரெய்த். ஜூலை 26-ல் எண்ணிக்கை நடந்தது. எண்ணி முடித்தார்கள், உணவு மட்டும் கிடைக்கவில்லை. பணத்தையும் பொருளையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது நிர்வாக வசதிக்காக உருவான பழக்கம். பசித்திருப்பவர்களுக்கு அவர்களுடைய சொந்த மாவை ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் எந்த உடன்படிக்கையும் உடைந்துவிடாது. வழக்கறிஞருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகஸ்ட் 4 காலையில் தாகோட்டாக்கள் பல நூறு பேர் குதிரையிலும் நடந்தும் வந்து, லெப்டினன்ட் டிமதி ஷீஹனின் நூறு வீரர்கள் தங்கியிருந்த முகாமைச் சூழ்ந்துகொண்டார்கள். வேறொரு கூட்டம் கிடங்குக் கதவைக் கோடரியால் உடைத்து மாவு மூட்டைகளை வெளியே தூக்கியது. யாரையும் தாக்கவில்லை. லெப்டினன்ட் தாமஸ் கியர் ஒரு சிறு பீரங்கியைக் கிடங்குக் கதவை நோக்கித் திருப்பி வைத்தார். குண்டு பாயும் நேர்கோட்டிலிருந்து கூட்டம் இருபுறமும் விலகியது. அந்த இடைவெளியில் ஷீஹன் ஒரு சில வீரர்களோடு நடந்துபோய்க் கிடங்கைத் தன் வசப்படுத்தினார். பிறகு அவரே ஏஜெண்டிடம் போய், உணவைக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார். மிரட்டலுக்குப் பணிந்தால் பிறகு யாரையும் கட்டுப்படுத்த முடியாது என்று கால்பிரெய்த் தயங்கினார், கொஞ்சம் கொடுத்தார். மார்ஷ் வந்து சேர்ந்து, பாதிரியார் ஸ்டீபன் ரிக்ஸ் நடுவில் நின்று பேசி, அடுத்த சில நாள்களில் பொருள்கள் முறையாக வழங்கப்பட்டன. மக்கள் அமைதியாகக் கலைந்து வேட்டைக்குப் போனார்கள்.

அந்த வாரத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உணவு கொடுத்தவுடன் 5,000 பேர் கலைந்துபோனார்கள். மேல் பிரிவினரில் மிகப் பலர் பின்னர் போரில் சேர மறுத்தார்கள், எதிர்த்தும் நின்றார்கள். அந்த மக்களை அமைதிப்படுத்த என்ன தேவை என்பதற்கு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கண்கூடான விடை கிடைத்துவிட்டது. அந்த விடையை 30 மைல் கீழே கொண்டுபோவதுதான் பாக்கி.

கீழ் ஏஜென்சியில் அவர் அதைச் செய்யவில்லை. அங்கே பணம் வரட்டும் என்றார். அங்கிருந்த கிடங்கும் பூட்டியே இருந்தது. அங்கே யாரும் கதவை உடைக்கவில்லை; முறையாகக் கேட்டார்கள். கேட்டவர்களின் தலைவர் தாவோயதெதூதா, வெள்ளையர் சிறு காகம் என்று அழைத்தவர். 1851, 1858 இரு உடன்படிக்கைகளிலும் கையெழுத்திட்டவர். 1857-ல் ஸ்பிரிட் ஏரிக் கொலைகளுக்குக் காரணமான இங்பதூதாவைப் பிடித்துத் தந்தால்தான் ஆண்டுத்தொகை என்று அரசு நிறுத்திவைத்தபோது, தம் ஆட்களோடு தேடிப் போனவர். பசித்த மனிதன் தனக்குத் தானே உதவிக்கொள்வான் என்று பொருள்பட அவர் எச்சரித்தார். வணிகர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மைரிக் சொன்னதாக வரலாறு சொல்கிறது. எந்த நாள், எந்த ஏஜென்சியில் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. சொல்லப்பட்டது என்பதில் பெரிதாக ஐயம் இல்லை. மைரிக்கின் சொல் புகழ்பெற்றுவிட்டது; அதன் நிழலில் ஏஜெண்டின் மௌனம் மறைந்துவிட்டது. மைரிக் வெறும் கடைக்காரர். தாகோட்டாக்களின் கிடங்கைத் திறக்கலாமா என்று கடைக்காரரைக் கேட்டவர் அரசு அதிகாரி.

அதன் பிறகு கால்பிரெய்த் உள்நாட்டுப் போருக்கு ஆள் திரட்டினார். கலப்பினத்தவரும் ஏஜென்சி ஊழியர்களுமாக ஏறத்தாழ 50 பேரைச் சேர்த்து, ரென்வில் ரேஞ்சர்கள் என்று பெயரிட்டு, ஸ்னெல்லிங் கோட்டை நோக்கிக் கூட்டிச் சென்றார். ஏஜென்சியே காலியாவதைப் பார்த்த தாகோட்டாக்கள், வெள்ளையரின் போர் மோசமாகப் போகிறது, இல்லாவிட்டால் இவர்களைக்கூட எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பேசிக்கொண்டதை பிக் ஈகிள் நினைவுகூர்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய நான்கு இளைஞர்கள் ஆக்டன் என்ற இடத்தில் ஐந்து குடியேறிகளைக் கொன்றார்கள். அவர்கள் ஷாக்பேயின் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள். கால்பிரெய்த்தின் ஊர் யாருடைய பெயரைத் தாங்கியிருந்ததோ அதே பரம்பரையின் கூட்டம். அன்றிரவு கூடிப் பேசினார்கள். தோற்போம் என்று தெரிந்தே தாவோயதெதூதா தலைமை ஏற்றார். 18-ம் தேதி காலை கீழ் ஏஜென்சி தாக்கப்பட்டது. முதலில் விழுந்தவை வணிகர்களின் கடைகள். மைரிக்கின் உடல் பின்னர் வாயில் புல் திணிக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. அன்று நண்பகலில் ரிட்ஜ்லி கோட்டைக்கு ஒரு வண்டி வந்து சேர்ந்தது. அதில் 71,000 டாலர் தங்க நாணயம் இருந்தது. ஆண்டுத்தொகை.

தொடர்ந்த ஆறு வாரங்களில் நடந்தவற்றை இங்கே விரிக்கவில்லை. கொல்லப்பட்ட குடியேறிகளின் எண்ணிக்கையை 400 முதல் 600-க்கு மேல் வரை பலவாறு கணக்கிடுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் பலர். பலருக்கு உடன்படிக்கை என்ற சொல்லே தெரிந்திருக்காது. யெல்லோ மெடிசினில் கால்பிரெய்த்தின் மனைவி மக்கள் உட்பட 62 பேரை இரவோடு இரவாக வழிநடத்திக் காப்பாற்றியவர் ஜான் அதர்டே என்ற வாபெட்டன் மனிதர். ஏஜெண்டு வழியிலிருந்து திரும்பி வந்து ரிட்ஜ்லி கோட்டையின் தற்காப்பில் நின்றார். செப்டம்பர் தொடக்கத்தில் பர்ச் கூலி சண்டையில் காயம்பட்டார். அவர் கோழை அல்லர்.

செப்டம்பர் 23-ல் உட் ஏரிச் சண்டையில் போர் முடிந்தது. அக்டோபரில், சரணடைந்த குடும்பங்களில் பெரும்பகுதியினரை, வயலில் எஞ்சிய பயிரை அறுவடை செய்ய யெல்லோ மெடிசினுக்கு அனுப்பினார்கள். பொறுப்பு கால்பிரெய்த்துக்கு. அங்கே நடந்ததை மொழிபெயர்ப்பாளராக இருந்த சாமுவேல் பிரவுன், பழைய ஏஜெண்டின் மகன், பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஆண்டுத்தொகை வழங்கப் பட்டியல் எடுக்க வேண்டும், எல்லாரும் வாருங்கள் என்று அறிவித்தார்கள். எரிந்துபோன ஏஜென்சிக் கட்டடத்தின் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். குடும்பம் குடும்பமாக எண்ணினார்கள். எண்ணி முடித்த ஆண்களைத் தனியே கட்டடத்துக்குள் போகச் சொன்னார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பத் தருவோம் என்றார்கள். உள்ளே போனவர்களைப் பிடித்துச் சங்கிலியிட்டார்கள். இப்படி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

அந்த மக்கள் வந்ததற்கு ஒரே காரணம், ஏஜெண்டின் மேசையும் பெயர்ப் பட்டியலும் என்னவென்று அவர்களுக்குப் பத்தாண்டாகத் தெரியும் என்பதுதான். ஜூலையில் அதே இடத்தில் அதே ஏஜெண்டு எண்ணிக்கை எடுத்தார். பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களைப் பட்டினி போட்டார். அக்டோபரில் அந்தப் பட்டியலையே வலையாக விரித்தார். போரில் நடந்த கொலைகளுக்கு விசாரணை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஓர் அரசு தன் கடனைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மனிதர்களைப் பிடித்த இந்தச் செயலை, அவருடைய தவறுகளிலேயே பெரிய தவறாக நான் கருதுகிறேன். கிடங்கைத் திறக்காததில் தயக்கமும் அச்சமும் இருந்தன. இதில் திட்டம் இருந்தது.

ராணுவ ஆணையம் 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரணதண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் கிடையாது. ஒரே நாளில் 40 வழக்குகள் வரை முடித்தார்கள். சில ஐந்து நிமிடத்தில் முடிந்தன. நடவடிக்கைகளைப் பதிவு செய்தவரும் ஒரு வழக்கறிஞர்தான், செயின்ட் பாலைச் சேர்ந்த ஐசக் ஹெர்ட். லிங்கன் ஆவணங்களைப் பார்த்துப் பட்டியலை 39 ஆகக் குறைத்தார். ஒருவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது. 1862 டிசம்பர் 26-ல் மங்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சாஸ்கா. மேல் ஏஜென்சி மருத்துவரின் மனைவி சாரா வேக்ஃபீல்டையும் அவருடைய குழந்தைகளையும் ஆறு வாரம் உயிரோடு காப்பாற்றியவர். லிங்கனின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பெயர் ஒற்றுமையால் இன்னொருவர் இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பட்டியலைப் பற்றி இவ்வளவு கவனம் காட்டிய நிர்வாகம், உயிரை எடுக்கும் பட்டியலைச் சரிபார்க்கவில்லை.

1863 ஜனவரி 27 தேதியிட்டு, மேலதிகாரி கிளார்க் தாம்சனுக்குக் கால்பிரெய்த் நீண்ட அறிக்கை எழுதினார். பழங்குடி விவகார ஆணையரின் ஆண்டறிக்கையில் அது அச்சாகியிருக்கிறது. நல்ல வழக்கறிஞரின் எழுத்து: ஒழுங்கு உண்டு, எதிர்வாதங்களை முன்கூட்டியே எடுத்து மறுக்கும் திறம் உண்டு. போரின் காரணம் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நாகரிகத்துக்கும் உள்ள இயல்பான பகை என்கிறார். உழவர் திட்டம் வெற்றியின் வாசலில் நின்றது என்கிறார். பணத் தாமதத்தை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதை அடிப்படைக் காரணமாக ஏற்பதில்லை. ஒரு தரப்பு மட்டும் பேசும் நீதிமன்றம் அந்த அறிக்கை. அது எழுதப்பட்டபோது எதிர்த்தரப்பினர் சிறையிலோ, ஸ்னெல்லிங் கோட்டையின் அடியில் வேலியிட்ட முகாமிலோ இருந்தார்கள். அந்த முகாமில் ஏறத்தாழ 1,600 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

அடுத்த மாதம், பிப்ரவரி 16-ல், காங்கிரஸ் தாகோட்டாக்களோடு செய்த எல்லா உடன்படிக்கைகளையும் ரத்து செய்தது. போரில் சேராதவர்கள், எதிர்த்து நின்றவர்கள், கைதிகளைக் காப்பாற்றியவர்கள் எல்லாருடைய ஆண்டுத்தொகையும் அதில் போயிற்று. அந்தப் பணத்திலிருந்து குடியேறிகளின் இழப்பை ஈடுகட்ட ஓர் ஆணையம் அமைந்தது, ஏறத்தாழ 13.7 லட்சம் டாலர் வழங்கியது. மனு கொடுத்தவர்களில் வணிகர்களும் இருந்தார்கள். மார்ச் 3-ல் இன்னொரு சட்டம் தாகோட்டாக்களை மினசோட்டாவை விட்டே அகற்றியது. மே மாதத்தில் படகேற்றி மிசௌரி ஆற்றங்கரையில் க்ரோ க்ரீக் என்ற வறண்ட நிலத்துக்கு அனுப்பினார்கள். பசி அங்கேயும் காத்திருந்தது.

கால்பிரெய்த் ஒருவர் மீதே எல்லாவற்றையும் சுமத்த முடியாது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியே. 1851 தாளை அவர் நீட்டவில்லை. தங்கத்தைத் தாமதப்படுத்தியது வாஷிங்டன். புழுவை அவர் அனுப்பவில்லை. ஆனால் ஓர் அதிகாரியை மதிப்பிட வேண்டியது அவர் கைக்கு எட்டிய இடத்தில் என்ன செய்தார் என்பதை வைத்து. அவர் கைக்கு எட்டியவை இரண்டு: கடைக்காரர்களின் உரிமம், கிடங்கின் சாவி. கடைக்காரர் எழுதிவைத்த எண்ணுக்கு ஆதாரம் கேட்காத சட்டம், பசித்தவரின் சோற்றுக்கு மட்டும் பட்டியல் கேட்டது. அப்படிக் கேட்க வைத்தவர் சட்டம் படித்தவர். இந்த ஒரு புள்ளியில் அவரை விடுவிக்க எனக்கு வழி தெரியவில்லை.

கீழ் ஏஜென்சியின் கல் கிடங்கு 1861-ல், கால்பிரெய்த் பதவியேற்ற ஆண்டில், கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது. அந்த வரலாற்றிடத்தின் நிலத்தில் ஏறத்தாழ பாதி, 115 ஏக்கர், 2021 பிப்ரவரியில் மினசோட்டா வரலாற்றுக் கழகத்திடமிருந்து லோயர் சூ சமூகத்திடம் திரும்பியது. ஜூலையில் 5,000 பேர் காத்திருந்த, அக்டோபரில் மேசை போடப்பட்ட மேல் ஏஜென்சி நிலம் நெடுங்காலம் மாநிலப் பூங்காவாக இருந்தது. உள்ளே போகத் தாகோட்டாக்களும் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 மார்ச்சில் மினசோட்டா அரசு அந்தப் பூங்காவை அப்பர் சூ சமூகத்திடம் ஒப்படைத்தது. அவர்கள் அந்த இடத்தை இன்றும் மஞ்சள் மருந்தின் பெயராலேயே அழைக்கிறார்கள்.